மயங்கிக் கிடப்பவரிடம் சம்மதம் கேட்பது எங்ஙனம்?

நோயாளியின் சம்மதம் இன்றி அவரை மருத்துவ ஆராய்ச்சிக்கு உட்படுத்தலாமா என்று நம்மில் எவரைக் கேட்டாலும், கூடவே கூடாது என்ற விடைதான் தயங்காமல் வரும். இரண்டாம் உலகப் போரின்போது நாசி மருத்துவர்கள் வதை முகாம்களில் அடைபட்டுக் கிடந்தோர்மீது நடத்திய கொடுஞ் சோதனைகளைப் பற்றிப் படித்தவர்கள் வேறு விடை கூற மாட்டார்கள். அக்கொடுமைகளை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றம் 1947ஆம் ஆண்டு தன் தீர்ப்போடு பத்து நெறிகளையும் வகுத்து அளித்தது. ஆராய்ச்சிக்கு உட்படுபவர் தாமே மனமுவந்து தரும் சம்மதம் முற்றிலும் இன்றியமையாதது என்பதே அவற்றுள் முதலாவது. தெளிவான நெறி, நியாயமான நெறி.

ஆயினும் ஒரு காட்சியை நாம் எண்ணிப் பார்ப்போம். சாலை விபத்தில் தலையில் அடிபட்டு நினைவிழந்த இளைஞர் ஒருவரை மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். உடன் வந்தவரோ முன்பின் அறியாத வழிப்போக்கர். இளைஞரின் தாய் தந்தையர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதே இன்னும் தெரியவில்லை. சிகிச்சையில் இரண்டு முறைகள் உண்டு; எது உயிர் காக்கும், எது உயிர் பறிக்கும் என்பது மருத்துவருக்கே உறுதியாகத் தெரியாது. அதனைத் தெரிந்துகொள்ள வேண்டுமாயின், இத்தகைய நோயாளிகளிடத்திலேதான் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு ஆராய வேண்டும். நலமாக நடமாடுபவர்களிடம் ஆராய்ந்து பயனில்லை. இளைஞரிடம் சம்மதம் கேட்கலாமெனில் அவருக்கு நினைவில்லை. உறவினர் வரும்வரை காத்திருக்கலாமெனில் அதற்குள் நேரம் கடந்துவிடும். அப்படியானால் இவரைப் போன்றோருக்கான சிகிச்சையை ஒருநாளும் ஆராயவே கூடாதா? ஆராயாமல் விடுவதனால் நேரும் மரணங்களுக்கு யார் பொறுப்பு?

இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் 2009ஆம் ஆண்டு முதல் 2011ஆம் ஆண்டு வரை நடைபெற்ற ஓர் ஆராய்ச்சி இக்கேள்வியைப் பச்சிளங் குழந்தைகளின் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தியது. அதனைச் சற்று விரிவாகவே நாம் காண்போம்.

கிழக்கு ஆப்பிரிக்க மருத்துவமனைகள் ஆறு

மலேரியாவாலும் இரத்தத்தில் பரவும் கிருமிகளாலும் கடுங் காய்ச்சல் கண்ட குழந்தைக்குச் சில வேளைகளில் இரத்த ஓட்டம் தளர்ந்துபோகும். கைகால் சில்லிடும், நாடி தளரும், விரல் நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்பி வர நேரமாகும். மூச்சு வாங்கும், நினைவு மங்கும். இதனை மருத்துவர்கள் ‘ஷாக்’ என்பர். நாம் பேச்சில் வழங்கும் அதிர்ச்சி வேறு, இது வேறு. இந்நிலையில் வரும் குழந்தைகளுக்கு நரம்பின் வழியாக உப்பு நீரையோ ஆல்புமின் கலந்த நீரையோ விரைந்து, பெரும் அளவில் ஏற்றுவது செல்வ நாடுகளில் பல்லாண்டுகளாக நிலைபெற்றுவிட்ட வழக்கம். பாடநூல்கள் அதனையே கற்பித்தன. தளர்ந்த ஓட்டத்திற்கு நீர் ஊற்றினால் ஓட்டம் நிமிரும் என்பது எவருக்கும் எளிதில் விளங்கும் நியாயமும்கூட.

ஆனால் இவ்வழக்கம் ஆராய்ச்சியால் மெய்ப்பிக்கப்பட்டதன்று. அதிலும், செயற்கை மூச்சுக் கருவியோ தீவிர சிகிச்சைப் பிரிவோ இல்லாத ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் அது பொருந்துமா என்பது எவருக்கும் தெரியாது. அங்கெல்லாம் குழந்தைகளுக்கு மெதுவாகவே திரவம் ஏற்றி வந்தனர். ஏழை நாட்டுக் குழந்தைக்கு நல்ல சிகிச்சை மறுக்கப்படுகிறது என்ற குற்றவுணர்வு ஒருபுறம். அச்சிகிச்சை நல்லதுதானா என்ற ஐயம் மறுபுறம். இந்த ஐயத்தைத் தீர்க்க முனைந்தவர்களுள் முதன்மையானவர், கென்யாவின் கிலிஃபி நகரில் நெடுங்காலம் பணியாற்றிய பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் கேத்ரின் மெய்ட்லண்ட். உகண்டா நாட்டு மருத்துவர் சேரா கிகுலி முதலானோர் அவருடன் இணைந்தனர். ‘ஃபீஸ்ட்’ என்பது ஆராய்ச்சிக்கு அவர்கள் இட்ட சுருக்கப் பெயர்.

உகண்டாவில் நான்கு, கென்யாவில் ஒன்று, தான்சானியாவில் ஒன்று என ஆறு மருத்துவமனைகள் இதில் பங்கேற்றன. அவற்றுள் ஒன்று நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியது. வட உகண்டாவில் குலு நகருக்கு அருகிலுள்ள லாக்கோர் புனித மரியன்னை மருத்துவமனை, கொம்போனி சபை மறைப்பணியாளர்களால் 1959ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இத்தாலியரான மருத்துவர் பியரோ கோர்ட்டியும், கனடா நாட்டு அறுவை மருத்துவரான அவருடைய துணைவியார் லூசில் டீஸ்டேலும் 1961ஆம் ஆண்டு முதல் தம் வாழ்நாளையே அதற்கு ஈந்தனர். போரில் காயமுற்றோருக்கு அறுவை சிகிச்சை செய்கையில் எய்ட்ஸ் கிருமி தொற்றி, 1996ஆம் ஆண்டு லூசில் அம்மையார் இறந்தார். 2000ஆம் ஆண்டு எபோலா நோய் பரவியபோது, அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளர் மாத்யூ லுக்வியாவும் செவிலியர் பலரும் நோயாளிகளைக் கைவிடாமல் நின்று தாமும் மாண்டனர். இவ்வரலாற்றை நாம் காரணத்தோடுதான் குறிப்பிடுகிறோம். ஆராய்ச்சி என்றதும் நோயாளியை மனிதராகப் பாராத நிலையங்களை மட்டுமே நாம் கற்பனை செய்கிறோம். இந்த ஆராய்ச்சி நடந்த இடங்களுள் ஒன்று இத்தகைய இல்லம்.

ஆராய்ச்சி நடந்த முறை இது. காய்ச்சலும் தளர்ந்த இரத்த ஓட்டமும் உடைய குழந்தைகள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஆல்புமின் நீர் விரைந்து ஏற்றப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு உப்பு நீர் விரைந்து ஏற்றப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு அவ்வாறு விரைந்து ஏற்றாமல், வழக்கம்போல் மெதுவாக மட்டுமே திரவம் தரப்பட்டது. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகளும், கடுமையான சத்துக் குறைவுற்ற குழந்தைகளும் இதில் சேர்க்கப்படவில்லை. எந்தக் குழந்தை எந்தப் பிரிவு என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்க இடமில்லை. வரிசையாக எண்ணிட்டு ஒட்டி வைத்திருந்த உறைகளுள் அடுத்ததைப் பிரித்து, உள்ளே இருந்த சீட்டு கூறியபடி செய்தனர். மற்றபடி உயிர்வாயு, மலேரியா மருந்து, நுண்ணுயிர்க் கொல்லி, தேவைப்பட்டோருக்கு இரத்தம் ஆகிய அனைத்தும் மூன்று பிரிவினருக்கும் ஒன்றுபோலவே அளிக்கப்பட்டன. அவசர நிலையை விரைந்து கண்டறியச் செவிலியருக்கும் மருத்துவருக்கும் பயிற்சி தரப்பட்டது.

சீட்டுப் பிரித்துச் சிகிச்சை தருவதா என்று தாய்மார்கள் பதறுவது நமக்குக் கேட்கிறது. அப்பதற்றம் இயல்பானது. எனினும், எது நல்லது என்று மெய்யாகவே தெரியாத இடத்தில் சீட்டு ஒருவருக்கும் அநீதி இழைப்பதில்லை. தெரிந்தும் தெரியாததுபோல் நடிப்பதுதான் அநீதி. இங்கே மருத்துவ உலகில் பலர், விரைந்து திரவம் ஏற்றுவதே நல்லது என்று நம்பினார்கள். ஆகவே மூன்றாம் பிரிவுக் குழந்தைகளைப் பற்றித்தான் கவலை எழுந்தது.

3,600 குழந்தைகளைச் சேர்ப்பது திட்டம். ஆராய்ச்சியாளர்களைச் சாராத கண்காணிப்புக் குழு ஒன்று அவ்வப்போது கணக்கைப் பார்த்து வந்தது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில், 3,141 குழந்தைகள் சேர்ந்திருந்த நிலையில், சேர்க்கையை நிறுத்துமாறு அக்குழு கூறிற்று. ஆல்புமின் நீர் விரைந்து பெற்ற 1,050 குழந்தைகளுள் 48 மணி நேரத்திற்குள் இறந்தோர் 111 பேர். உப்பு நீர் விரைந்து பெற்ற 1,047 பேருள் இறந்தோர் 110 பேர். விரைந்து ஏதும் பெறாத 1,044 பேருள் இறந்தோர் 76 பேர். அதாவது, பாடநூல் கூறிய சிகிச்சையைப் பெற்ற ஒவ்வொரு நூறு குழந்தைகளிலும், அதனைப் பெறாதோரைக் காட்டிலும் ஏறக்குறைய மூவர் மிகுதியாக இறந்தனர். எவருக்காக எல்லாரும் கவலைப்பட்டார்களோ அந்தக் குழந்தைகளே மிகுதியாகப் பிழைத்தனர்.

இதில் நம் நெஞ்சை உறுத்தும் இன்னொன்றும் உண்டு. பின்னர்க் கணக்குகளை நுணுகி ஆராய்ந்தபோது, திரவம் விரைந்து பெற்ற குழந்தைகளுள் நூற்றுக்கு 43 பேருக்கு ஒரு மணி நேரத்திற்குள் ஷாக் நீங்கியது. பெறாதோருள் நூற்றுக்கு 32 பேருக்கே நீங்கியது. அப்படியாயின், கட்டிலருகே நின்ற மருத்துவர் எதைக் கண்டிருப்பார்? திரவம் ஏற்றினார், கை வெதுவெதுப்பாயிற்று, நாடி நிமிர்ந்தது, குழந்தை தேறியது என்று அடுத்த கட்டிலுக்குச் சென்றிருப்பார். அக்குழந்தை பின்னிரவில் இறந்திருந்தால், நோயின் கொடுமையால் இறந்தது என்றே எண்ணியிருப்பார். எத்தனை அனுபவம் வாய்ந்தவராயினும், எத்தனை அன்புள்ளவராயினும், தம் கண்ணால் மட்டும் இவ்வுண்மையை ஒருநாளும் அவர் கண்டிருக்க முடியாது. ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஒப்பிட்டு எண்ணியபோதுதான் அது வெளிப்பட்டது.

இத்தகைய நோயாளிகளை ஆராயவே கூடாது என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், ஷாக்கின் அறிகுறிகள் முழுமையாக இல்லாமல் ஒன்றிரண்டு மட்டுமே உள்ள குழந்தைகளுக்குத் திரவத்தை விரைந்து ஏற்றலாகாது என்று கூறியுள்ளது. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தையின் நிலை முற்றிலும் வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறோம். அதற்கு நீர் கொடுப்பதே உயிர் காக்கும் மருந்து. இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் உப்பு சர்க்கரைக் கரைசலை நிறுத்திவிட வேண்டாம்.

தாயிடம் கேட்ட விதம்

இனி சம்மதத்திற்கு வருவோம். மூச்சுத் திணறும் குழந்தையைத் தோளில் சுமந்து வந்த தாயிடம் பல பக்கங்கள் கொண்ட பத்திரத்தை நீட்டி, படித்துப் பார்த்துக் கையொப்பம் இடுக என்று சொல்ல முடியுமா? சொன்னாலும் அந்தக் கையொப்பத்திற்கு என்ன மதிப்பு? நம் ஊர் மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்கு முன் நீட்டப்படும் தாளில், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பாராமலே எத்தனை முறை நாம் ஒப்பமிட்டிருக்கிறோம்! ‘எங்கே போடணும்?’ என்பதுதான் நாம் கேட்கும் ஒரே கேள்வி. அது சம்மதம் அன்று; சரணாகதி.

ஃபீஸ்ட் ஆராய்ச்சியினர் இதற்கென ஒரு வழியை வகுத்தனர்; அந்தந்த நாட்டு அறநெறிக் குழுக்கள் அதனை ஆய்ந்து ஒப்புதல் அளித்தன. எழுத்து மூலம் சம்மதம் பெற அவகாசம் இல்லாதபோது, முதலில் சுருக்கமாக வாய்மொழியாகச் செய்தியைக் கூறி, தாயின் அல்லது உடனிருக்கும் பொறுப்பாளரின் இசைவைப் பெறுவது. சிகிச்சையை உடனே தொடங்குவது. குழந்தையின் நிலை சீர்பட்டபின் அமர்ந்து முழுவதையும் விளக்கி, எழுத்து மூலம் சம்மதம் கேட்பது. அந்த இரண்டாம் பேச்சின்போது தாய் வேண்டாமென்று சொன்னால் குழந்தை ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்ளும். சிகிச்சையில் குறை நேராது.

இது குறையற்ற வழி என்று நாம் சொல்ல மாட்டோம். முதல் அரை நிமிடப் பேச்சில் ஒரு தாய்க்கு என்ன விளங்கியிருக்கும்? மருத்துவர் ஏதோ நல்லது செய்யப் போகிறார் என்பதற்கு மேல் பெரும்பாலோருக்கு விளங்கியிராது. வெள்ளை அங்கியின்முன் வேண்டாமென்று சொல்ல ஏழைக்குத் துணிவு வருமா என்பதும் ஒரு கேள்வி. எனினும், விளங்காத பத்திரத்தில் ஒப்பம் வாங்கிவிட்டு சட்டம் நிறைவேறிற்று என்று திருப்தியடைவதைவிட, இப்போது இவ்வளவுதான் சொல்ல முடியும், பிறகு முழுவதும் சொல்கிறோம் என்று உண்மையை ஒப்புக்கொள்வது நேர்மையானது என்பது நம் கருத்து.

இதே வழிக்கு உலக மருத்துவச் சங்கமும் இடமளித்துள்ளது. அச்சங்கம் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் 1964ஆம் ஆண்டு வெளியிட்டுப் பின் பலமுறை திருத்திய பிரகடனம், நூரம்பர்க் நெறியின் கடுமையை நினைவிழந்தோர் பொருட்டுச் சற்றுத் தளர்த்துகிறது. நோயாளியின் சார்பில் பேச எவரும் இல்லாமலும், ஆராய்ச்சியைத் தள்ளிப்போட இயலாமலும் இருந்தால், அதற்கான காரணங்கள் முன்கூட்டியே எழுதப்பட்டு அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெற்றிருந்தால், முன்சம்மதமின்றித் தொடங்கலாம். பின்னர் கூடிய விரைவில் நோயாளியிடமோ உரியவரிடமோ சம்மதம் பெற்றாக வேண்டும். பிரிட்டனில் பெரியவர்களைப் பொறுத்து 2006ஆம் ஆண்டிலும், சிறுவர்களைப் பொறுத்து 2008ஆம் ஆண்டிலும் சட்டம் இவ்வாறு திருத்தப்பட்டது.

கதவைத் திறந்தால் யார் நுழைவர்?

தளர்த்திய நெறி எங்கே கொண்டுபோய் விடும் என்ற அச்சத்திற்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்க நாட்டில் 1996ஆம் ஆண்டு, அவசர நிலையில் முன்சம்மதமின்றி ஆராய்ச்சி நடத்தச் சில நிபந்தனைகளோடு அரசு விதி வகுத்தது. உயிருக்கு ஆபத்தான நிலையாக இருக்க வேண்டும். வழக்கிலுள்ள சிகிச்சை போதுமானதாக இருக்கக் கூடாது. ஆராய்ச்சியால் அந்நோயாளிக்கே நன்மை விளையும் வாய்ப்பு இருக்க வேண்டும். ஆராய்ச்சி நடக்கும் ஊர் மக்களிடம் முன்னரே கலந்து பேசி, தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.

இவ்விதியின் கீழ் முதலில் நடந்த ஆராய்ச்சிகளுள் ஒன்று, இரத்தத்திற்கு மாற்றாகச் செய்யப்பட்ட ஒரு செயற்கைத் திரவத்தைப் பற்றியது. பலத்த காயமுற்று இரத்தம் இழந்து வந்தவர்களுக்கு 1997ஆம் ஆண்டு அது கொடுக்கப்பட்டது. அத்திரவம் பெற்ற 52 பேருள் 28 நாட்களுக்குள் 24 பேர் இறந்தனர். உப்பு நீர் பெற்ற 46 பேருள் 8 பேரே இறந்தனர். 1998ஆம் ஆண்டு ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 850 பேரைச் சேர்ப்பதாக இருந்த திட்டம் நூற்றுச் சில்லறைப் பேரோடு நின்றதற்குக் கண்காணிப்பே காரணம்.

அதன்பின் ‘பாலிஹீம்’ என்ற வேறொரு மாற்று இரத்தம் வந்தது. ஆம்புலன்ஸ் வண்டியிலேயே அதனை ஏற்றத் தொடங்கினர். வண்டியில் மெய்யான இரத்தம் வைத்திருப்பதில்லை; ஆகவே அங்கே அதைச் சோதிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் மருத்துவமனையை அடைந்தபின்னும், இரத்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், பன்னிரண்டு மணி நேரம் வரை அச்செயற்கைத் திரவத்தையே தொடர்ந்து கொடுத்தனர். நல்ல சிகிச்சை அருகிருக்க, சம்மதம் கூறாத ஒருவருக்கு ஐயத்திற்குரியதைத் தருவது எந்த நியாயம் என்று அமெரிக்க அறநெறி அறிஞர்கள் அப்போதே கேட்டனர். பங்கேற்க விரும்பாதோர் நீலநிறக் கைவளையம் அணிந்துகொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள்! விபத்து வரும் நாளை அறிந்து எவர்தாம் வளையம் அணிந்து வெளியே கிளம்புவார்? முடிவில், செயற்கைத் திரவம் பெற்றோருள் நூற்றுக்கு 13.4 பேரும், வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 9.6 பேரும் முப்பது நாட்களுக்குள் இறந்திருந்தனர். 2009ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் மருந்துத் துறை அதற்கு அனுமதி மறுத்துவிட்டது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஃபீஸ்ட் ஆராய்ச்சியோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். ஃபீஸ்ட் ஆராய்ந்தது, உலகெங்கும் ஏற்கெனவே நம்பிக்கையோடு கையாளப்பட்ட ஒரு வழக்கத்தை; அதில் விற்பனைக்கு வரக் காத்திருந்த புதுச் சரக்கு ஏதுமில்லை. பாலிஹீம் விவகாரத்தில் ஒரு நிறுவனத்தின் எதிர்காலமே அந்தத் திரவத்தைச் சார்ந்திருந்தது. கொடுப்பவருக்கு ஆதாயம் இருக்கும் இடத்தில் கேட்கப்படாத சம்மதத்தை மிகுந்த எச்சரிக்கையோடு நோக்க வேண்டும் என்பதை நாம் ஒளிக்காமல் சொல்லி வைக்கிறோம்.

பழைய வழக்கங்களும் குற்றமற்றவை அல்ல என்பதற்குத் தலைக்காயம் ஒரு சான்று. தலையில் அடிபட்டோருக்கு மூளை வீக்கம் குறைய ஸ்டிராய்டு மருந்து கொடுப்பது முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளில் இருந்த பழக்கம். லண்டனிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட ‘கிராஷ்’ ஆராய்ச்சி, 49 நாடுகளில் 10,008 பேரைக் கொண்டு 1999ஆம் ஆண்டு முதல் 2004ஆம் ஆண்டு வரை இதனைச் சோதித்தது. மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 21 பேரும், மருந்தற்ற வெறுந் திரவம் பெற்றோருள் 18 பேரும் இரண்டு வாரத்திற்குள் இறந்தனர். உயிர் காப்பதாக எண்ணி அத்தனை ஆண்டுகளாகக் கொடுத்த மருந்தால் உலகில் எத்தனை பேர் மாண்டனரோ! அவர்களுள் எவரிடமும் ஆராய்ச்சிக்கான சம்மதம் கேட்கப்படவில்லை; ஏனெனில் அது ஆராய்ச்சி என்றே எண்ணப்படவில்லை; சிகிச்சை என்றே எண்ணப்பட்டது.

இறந்தவரின் வீட்டுக்கு யார் சொல்வது?

பிரிட்டனில் 2014ஆம் ஆண்டு முதல் 2017ஆம் ஆண்டு வரை நடந்த ஓர் ஆராய்ச்சி வேறொரு சங்கடத்தை எழுப்பியது. மருத்துவமனைக்கு வெளியே திடீரென இதயம் நின்றுபோனோருக்கு ஆம்புலன்ஸ் ஊழியர் அட்ரினலின் ஊசி போடுவது நெடுநாள் வழக்கம். இவ்வாராய்ச்சியில் சேர்ந்த 8,014 பேருள் ஒரு பாதியினருக்கு அட்ரினலினும், மறுபாதியினருக்கு வெறும் உப்பு நீரும் தரப்பட்டன. முப்பது நாட்கள் உயிரோடிருந்தோர், மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 3.2 பேர், பெறாதோருள் 2.4 பேர். ஆனால் அவ்வாறு பிழைத்து மருத்துவமனையிலிருந்து வெளிவந்தோருள், மூளை கடுமையாகப் பழுதுற்றோர் முதற்பிரிவில் நூற்றுக்கு 31 பேர். இரண்டாம் பிரிவில் ஏறக்குறைய 18 பேர். இதனை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? எத்தகைய நிலையிலும் உயிர் பெரிது என்று சிலர் சொல்வர். வேறு சிலர் தயங்குவர். எண்கள் இதற்கு விடை கூறா.

இதயம் நின்றவரிடம் சம்மதம் கேட்க வழியே இல்லை. பிழைத்தவர்களிடம் பிறகு சொல்லிச் சம்மதம் பெற்றனர். பிழைக்காத ஆயிரக்கணக்கானோரின் குடும்பங்களுக்கு? தேடிச் சென்று தெரிவிப்பதில்லை என்று முடிவு செய்து, விரும்புவோர் அறிந்துகொள்ளும் வகையில் பொதுவாக அறிவித்து வைத்தனர். துக்கத்தில் இருப்பவரிடம் போய், உங்கள் கணவருக்கு ஒருவேளை வெறும் உப்பு நீர்தான் கிடைத்திருக்கும் என்று சொல்வது புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும் என்பது அவர்கள் வாதம். மறைப்பதும் ஒருவகை வஞ்சனை ஆகாதோ என்பது எதிர்வாதம். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் பிரிட்டனில் விசாரித்தபோது, அவர்களுள் பலர், எங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அன்றே அல்ல, சிறிது காலம் சென்றபின் என்ற கருத்தையே கூறினர். நம் ஊர்களில் துக்க வீட்டுக்கு எப்போது போவது, எதை எப்போது பேசுவது என்பதற்கெல்லாம் ஒரு முறை உண்டு. மருத்துவர்களும் அத்தகைய ஒரு முறையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

பத்திநாதர் கூறியது

நினைவிழந்த நோயாளியைப் பற்றிய கேள்வி திருச்சபைக்கும் புதிதன்று. மயக்க மருந்து நிபுணர்கள் எழுப்பிய வினாக்களுக்கு விடையாக, திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் ஆற்றிய உரை இதில் குறிப்பிடத்தக்கது. செயற்கை மூச்சுக் கருவி அப்போதுதான் வழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. மருத்துவருக்கு நோயாளியின்மீது தனக்கெனத் தனியுரிமை ஏதும் இல்லை. நோயாளி வெளிப்படையாகவோ குறிப்பாகவோ, நேராகவோ பிறர் வழியாகவோ தரும் அனுமதியே அவருடைய உரிமைக்கு ஊற்று என்று அவர் விளக்கினார். நினைவிழந்தவரின் குடும்பத்தாரும் தம் விருப்பத்தைச் சொல்பவர்கள் அல்லர்; நோயாளி பேச முடிந்திருந்தால் எதை விரும்பியிருப்பார் என்பதையே அவர்கள் சொல்ல வேண்டும் என்பதும் அவர் கருத்து. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1952ஆம் ஆண்டு செப்டம்பரில், அறிவியலின் நலனோ சமுதாயத்தின் நலனோ தனிமனிதரைக் கருவியாக்கும் உரிமையைத் தராது என்றும், உடலுக்கு உறுப்பு போல மனிதர் சமுதாயத்துக்கு அடங்கியவர் அல்லர் என்றும் அவர் கூறியிருந்தார். மற்ற வழிகள் பயனற்றுப்போன நிலையில், ஆபத்துள்ள புதுமுறையை நோயாளியின் சம்மதத்தோடு கையாளலாம் என்பதையும் அதே உரை ஏற்கிறது. ஆனால் அதனை அன்றாட வழக்கமாக்க அவர் உடன்படவில்லை.

நம் வாசலிலும்

இவையெல்லாம் பிற நாட்டுச் செய்திகள் என்று எண்ண வேண்டாம். இரத்தப்போக்கை நிறுத்தும் ‘டிரானெக்சாமிக்’ அமிலத்தைக் காயமுற்றோருக்குக் கொடுத்துப் பார்த்த ‘கிராஷ்-2’ ஆராய்ச்சியில், 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் 20,211 பேர் சேர்ந்தனர். இந்திய மருத்துவமனைகள் பலவும் அதில் பங்கேற்றன. 2010ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 14.5 பேரும் பெறாதோருள் 16 பேரும் இறந்தனர். காயம்பட்ட மூன்று மணி நேரத்திற்குள் கொடுத்தால்தான் பயன் என்பதும், தாமதித்துக் கொடுத்தால் தீங்கு நேரலாம் என்பதும் பின்னர்த் தெரிந்தன. ஜப்பானிய மருத்துவர்களான ஷோசுகே, உட்டாகோ ஒகாமோட்டோ தம்பதியர் 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த, விலை மலிவான மருந்து அது. விபத்துக் காயங்களுக்கு அதன் பயனை அறிய உலகம் அரை நூற்றாண்டு காத்திருந்தது. நினைவோடிருந்த நோயாளிகளிடம் நேராகவும், இல்லாதபோது உறவினரிடமும், அவர்களும் இல்லாத இடங்களில் அந்தந்த நாட்டு விதிப்படியும் சம்மதம் கையாளப்பட்டது. விபத்தில் சிக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்று இம்மருந்து கிடைக்கிறதென்றால், பெயர் தெரியாத அந்த இருபதாயிரம் பேருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980ஆம் ஆண்டிலேயே அறநெறிக் கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 2017ஆம் ஆண்டு விரிவான வழிகாட்டியையும் தந்தது. புதிய மருந்துகளின் சோதனைக்கு 2019ஆம் ஆண்டு மைய அரசு தனி விதிகளையே வகுத்தது. அவ்விதிகளின்படி, நினைவிழந்தவருக்காகவும் சிறுவருக்காகவும் சட்டப்படி உரியவர் சம்மதம் தர வேண்டும். சம்மதம் தருபவருக்குப் படிக்கத் தெரியாவிடில், ஆராய்ச்சியைச் சாராத சாட்சி ஒருவர் விளக்கம் முழுவதும் முடியும்வரை உடனிருக்க வேண்டும். சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு.

ஆதலின் உறவினருக்கோ அண்டை வீட்டாருக்கோ துணையாக மருத்துவமனைக்குப் போகும் நம் பங்கு மக்கள், ‘இது வழக்கமான சிகிச்சையா, ஆராய்ச்சியா?’ என்று கேட்கத் தயங்க வேண்டாம். ஆராய்ச்சி என்றால், சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும் என்று கேட்க வேண்டும். தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்கலாம். ஒப்பமிட்ட படிவத்தின் நகலையும் பெறலாம். அறநெறிக் குழுவைத் தொடர்புகொள்ளும் தொலைபேசி எண் அதிலேயே இருக்கும். பிறகு விலக விரும்பினால் காரணம் கூறாமலே விலகலாம். அதனால் சிகிச்சை குறையக் கூடாது. இரவு நேரத்தில், அழுகைக்கு நடுவே, இத்தனையையும் நினைவில் வைப்பது தாய்க்கோ தந்தைக்கோ எளிதன்று. ஆகவே உடன் செல்பவர் கேட்கட்டும். கேட்டதை மறுநாள் காலையில், அவர்கள் சற்றே அமைதியுற்றபின், பொறுமையாக மறுபடியும் எடுத்துச் சொல்லட்டும்.